கோடையில் ஒரு நாள் வெளியே



கோடை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் பூட்டியாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? "அம்மா, எங்கேயாவது போகலாமா?" என்பதுதான்.

இந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் ஒரே பதில்தான். "அதெல்லாம் பணக்காரர்களுக்கு. நமக்கு எதற்கு?"

இந்தப் பதில் சரியா? செங்கல் சூளையில் வேலை செய்பவருக்கு ஓய்வு வேண்டாமா? வயலில் களை எடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் பூங்காவில் உட்காரும் ஆசை இருக்காதா? உழைப்பவருக்குத்தான் ஓய்வு அதிகம் தேவை. ஆண்டில் ஒரு நாளாவது குடும்பம் முழுவதும் வெளியே போய் வர வேண்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. திட்டம் வேண்டும். கவனம் வேண்டும். கொஞ்சம் படிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. அது உங்களுக்கு இப்போது வந்துவிட்டது.

எங்கே போகலாம்? எப்படிப் போகலாம்? எப்படிப் பத்திரமாகத் திரும்பி வரலாம்? இந்த மூன்றும்தான் இன்றைய பேச்சு.

ஊருக்கு ஊர் கோடை

இந்தியா பெரிய நாடு. கோடையும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ராஜஸ்தானில் பலோடி என்று ஓர் ஊர். 2016 மே 19 அன்று அங்கே வெயில் 51 டிகிரி செல்சியஸ் அடித்தது. வடநாட்டுச் சமவெளியில் மே, ஜூன் மாதங்களில் பகலில் அனல் காற்று வீசும். அதற்கு அங்கே 'லூ' என்று பெயர். அந்தக் காற்று வீசும் நேரத்தில் யாரும் வெளியே வர மாட்டார்கள். தெருவே காலியாகக் கிடக்கும். மாலையில்தான் ஊர் உயிர் பெறும்.

வெயிலைத் தாங்க ஒவ்வொரு ஊரும் ஒரு பானத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பச்சை மாங்காயை வேகவைத்துப் பிசைந்து, சீரகமும் உப்பும் சேர்த்துக் குடிப்பார்கள். பீகாரில் வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். அது வயிற்றையும் நிறைக்கும். ஒடிசாவில் வில்வப் பழத்தைக் கரைத்துச் சாறு எடுப்பார்கள். ஏப்ரல் நடுவில் வரும் அவர்களுடைய புத்தாண்டுக்கே அந்தப் பானத்தின் பெயர்தான். குஜராத்தில் மோர். தமிழ்நாட்டில் நீர்மோரும் பானகமும். இவற்றில் எதற்கும் அதிகச் செலவு இல்லை. வெளியே போகும்போது ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டால் போதும். கலர் தண்ணீருக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

காசில்லாமல் ஓர் உலா

முதலில் காசே இல்லாமல் பார்க்கக்கூடிய ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். அது வானம்.

ஏப்ரல், மே மாதங்களில் இரவு 8 மணிக்கு மேல் குடும்பத்தோடு வெளியே வாருங்கள். மொட்டை மாடி, களத்து மேடு, எதுவானாலும் சரி. தெருவிளக்கின் வெளிச்சம் படாத இடமாக இருக்கட்டும். வடக்குப் பக்கம் பாருங்கள். ஏழு நட்சத்திரங்கள் ஓர் அகப்பை போலத் தெரியும். அதுதான் சப்தரிஷி மண்டலம். அகப்பையின் காம்பில் மூன்று நட்சத்திரங்கள். அவற்றில் நடுவில் இருப்பது வசிஷ்டர். கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தால் அதன் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று தெரியும். அதுதான் அருந்ததி. கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அருந்ததி காட்டுவார்கள். பெரும்பாலும் பகலிலேயே காட்டிவிடுவதால் பலரும் அதைப் பார்த்ததே இல்லை. இப்போது பாருங்கள்.

அகப்பையின் முன்பக்க ஓரத்தில் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவை இரண்டையும் சேர்த்து மனதில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டை ஐந்து மடங்கு நீட்டுங்கள். அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். அது இருக்கும் திசைதான் வடக்கு. கன்னியாகுமரியில் அது அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கும். காஷ்மீரில் நன்றாக உயரத்தில் இருக்கும். வடக்கே போகப் போக அது மேலே ஏறும்.

பகலிலும் ஒரு வேடிக்கை உண்டு. தென்னிந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. முதல் நாள் கோடையில் வரும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10ஐ ஒட்டி வரும். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏப்ரல் 24ஐ ஒட்டி வரும். ஐதராபாத்துக்கு மே 9ஐ ஒட்டியும், மும்பைக்கு மே 15ஐ ஒட்டியும் வரும். தில்லிக்கு வரவே வராது. அந்த நாளில் பகல் 12 மணிக்கு மேல் ஒரு பாட்டிலை நேராக நிறுத்தி வையுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி அடியில் ஒளிந்துகொள்ளும். பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். சில நிமிடம் பார்த்துவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது.

பக்கத்து ஊரில் ஒரு நாள்

அடுத்தது, காலையில் போய் மாலையில் திரும்பும் உலா. எல்லாப் பெரிய நகரத்திலும் ஏழைகளும் போய் உட்காரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது.

அகமதாபாத்தில் காங்கரியா ஏரி இருக்கிறது. 1451ஆம் ஆண்டு ஒரு சுல்தான் காலத்தில் வெட்டி முடித்த ஏரி. சுற்றிலும் நடைபாதை. பிள்ளைகளுக்குச் சின்ன ரயில். கோடை மாலையில் ஊரே அங்கே கூடும்.

பெங்களூரில் லால்பாக் தோட்டம் இருக்கிறது. ஐதர் அலி தொடங்கியது. 240 ஏக்கர். அதற்குள் ஒரு பாறை இருக்கிறது. அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டு என்று மண்ணியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாறையின் மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

தில்லியில் லோதி தோட்டம் இருக்கிறது. பழைய அரசர்களின் சமாதிகள் நடுவே மரங்களும் புல்வெளியும் உள்ளன. உள்ளே போகக் கட்டணம் இல்லை.

கொல்கத்தாவில் அலிப்பூர் மிருகக்காட்சிசாலை இருக்கிறது. 1876இல் திறந்தார்கள். அங்கே ஒரு பெரிய ஆமை இருந்தது. அது 2006இல் இறந்தது. அதற்கு 250 வயது இருக்கலாம் என்று சொன்னார்கள். அத்தனை தலைமுறை மக்கள் வந்து அதைப் பார்த்துப் போயிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிருகக்காட்சிசாலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அது ஊருக்கு ஊர் மாறும். வண்டலூரில் செவ்வாய்க்கிழமை. மும்பையில் புதன்கிழமை. கொல்கத்தாவில் வியாழக்கிழமை. தில்லியில் வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறைக் காலத்தில் சில சமயம் அந்த நாளிலும் திறப்பார்கள். தாஜ்மகாலும் வெள்ளிக்கிழமை திறந்திருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ குடும்பங்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. முன்னதாகவே விசாரியுங்கள். வாசலில் இருக்கும் பலகையைப் படியுங்கள். நேரம், கட்டணம், விடுமுறை எல்லாம் அதில் இருக்கும்.

இந்தியத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் கோட்டைகளிலும் பழைய கட்டடங்களிலும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. இதுவும் பலகையில் எழுதியிருக்கும். படித்தவர் கேட்பார். படிக்காதவர் பணத்தைக் கொடுத்துவிடுவார்.

மலைக்கு ரயில்

கொஞ்சம் தூரம் போக முடிந்தவர்களுக்கு மலை இருக்கிறது.

மலையில் ஏன் குளிர்கிறது? மேலே போகப் போகக் காற்றின் சூடு குறைகிறது. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். இந்தக் கணக்கை ரயிலில் இருந்தே போடலாம். எப்படி?

ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று பல நிலையங்களில் எழுதியிருக்கும். அரியானாவில் கால்கா நிலையம் 656 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிம்லா நிலையம் 2076 மீட்டர். கழித்துப் பாருங்கள். 1420 மீட்டர் வரும். அப்படியானால் சிம்லாவில் எட்டு ஒன்பது டிகிரி சூடு குறைவு. கால்காவில் 38 டிகிரி என்றால் சிம்லாவில் 30க்கும் கீழே. கால்காவில் வியர்த்த சட்டை சிம்லாவில் காய்ந்துவிடும்.

கால்கா - சிம்லா ரயில் பாதையை 1903இல் திறந்தார்கள். 96 கிலோமீட்டர் தூரம். நூற்றுக்கு மேற்பட்ட குகைகளுக்குள் புகுந்து வெளியே வரும். டார்ஜிலிங் ரயில் இன்னும் பழையது. 1881இல் வந்தது. அந்தப் பாதையில் கூம் என்ற நிலையம் 2258 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் ரயில் 46 கிலோமீட்டர் போகிறது. ஏற்றம் அதிகமான இடத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறும். இந்த மூன்று பாதைகளையும் உலகம் முழுவதற்கும் உரிய செல்வம் என்று யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது. இவற்றுக்குப் பாறையை உடைத்தவர்களும் கல் சுமந்தவர்களும் யார்? கூலித் தொழிலாளர்கள். அந்தப் பாதையில் தொழிலாளியின் குடும்பம் ஒரு நாள் போய் வருவது நியாயம்தானே?

மும்பைக்குப் பக்கத்தில் மாதேரான் என்று ஒரு மலை ஊர் உண்டு. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளைத் தவிர, பெட்ரோல், டீசல் வண்டி எதுவும் ஊருக்குள் வரக் கூடாது. மக்கள் செம்மண் பாதையில் நடக்கிறார்கள். குதிரையில் போகிறார்கள். புகையும் இல்லை, ஹாரன் சத்தமும் இல்லை.

ஒரு விஷயம். மலை ஊர்கள் சின்ன ஊர்கள். கூட்டம் தாங்காது. 2018 கோடையில் சிம்லாவில் குடிதண்ணீருக்கே பஞ்சம் வந்தது. ஊர் மக்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 முதல் இ-பாஸ் வந்தது. ஆகவே, போகும் ஊரில் தண்ணீரை வீணாக்காதீர்கள். பிளாஸ்டிக்கை வீசாதீர்கள். அதுவும் ஒருவருடைய சொந்த ஊர்.

பணத்துக்கு என்ன வழி?

ஒரு நாளைக்கு 10 ரூபாய் எடுத்து வையுங்கள். 100 நாளில் 1000 ரூபாய் சேரும். தை மாதம் உண்டியலில் போட ஆரம்பித்தால் சித்திரை கழிவதற்குள் ஒரு நாள் உலாவுக்குப் பணம் தயார். கடன் வாங்கி உலா போகாதீர்கள். வட்டி கட்டும் வீட்டில் உலாவின் மகிழ்ச்சி தங்காது.

ஒரு தாளில் எழுதுங்கள். போக எவ்வளவு, வர எவ்வளவு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, பிள்ளைகளின் தின்பண்டத்துக்கு எவ்வளவு, அவசரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். ரயிலில் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால், தனிப் படுக்கை வேண்டாம் என்று சொன்னால் அரை டிக்கெட். தில்லியில் 2019இலும், தமிழ்நாட்டில் 2021இலும், கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் 2023இலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தொடங்கியது. எந்தப் பேருந்து, யாருக்கு என்பது இடத்துக்கு இடம் வேறு. ஏறும் முன் பலகையைப் படியுங்கள், நடத்துநரைக் கேளுங்கள்.

சாப்பாடு வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். ஆனால் ஒன்று. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறுவதும் அம்மா. தூக்குவாளியைச் சுமப்பதும் அம்மா. அங்கே போய்ப் பரிமாறுவதும் அம்மா. வந்ததும் பாத்திரம் கழுவுவதும் அம்மா. அப்படியானால் அவருக்கு மட்டும் விடுமுறை எங்கே? அப்பா சுமக்கட்டும். மகன் பரிமாறட்டும். பாத்திரத்தை எல்லோரும் சேர்ந்து கழுவுங்கள்.

வெயிலுக்குப் பயப்பட வேண்டாம், மதிப்புக் கொடுங்கள்

பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் அலைய வேண்டாம். காலையில் பாருங்கள். நண்பகலில் மர நிழலில் சாப்பிட்டுப் படுங்கள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி கிளம்புங்கள். பருத்தித் துணி உடுத்துங்கள். தலைக்குத் துண்டு போடுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

உப்பு சர்க்கரைக் கரைசல் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர். அதில் தேக்கரண்டியால் 6 சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடக் கூடாது.

ஒருவர் வெயிலில் உளறினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ, அது வெப்ப மயக்கத்தில் கொடியது. உயிர் போகும் ஆபத்து. உடனே நிழலுக்குத் தூக்குங்கள். துணியைத் தளர்த்துங்கள். உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள்.

கோடை மழை வந்தால் இடியும் வரும். நம் நாட்டில் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். இடி கேட்டதும் விளையாட்டை நிறுத்துங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். நல்ல கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

தண்ணீர் ஏமாற்றும்

இப்போது சொல்வதை எல்லோரும் கவனமாகக் கேளுங்கள்.

கோடையில் பிள்ளைகளைக் கூப்பிடுவது தண்ணீர்தான். ஆறு, ஏரி, கிணறு, அணை, கடல். அதே தண்ணீர்தான் உயிரையும் எடுக்கிறது. இந்தியாவில் ஓர் ஆண்டில் 30,000க்கு மேற்பட்டவர்கள் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள்.

2014 ஜூன் 8 அன்று நடந்த ஒன்றைக் கேளுங்கள். ஐதராபாத்திலிருந்து பொறியியல் மாணவர்கள் சுற்றுலாப் போனார்கள். இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றைப் பார்த்தார்கள். தண்ணீர் குறைவாக ஓடியது. ஆற்றுக்குள் பாறை மேல் நின்று படம் எடுத்தார்கள். அந்த நேரத்தில் மேலே இருந்த அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிட்டது. 24 மாணவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்ல. அந்த ஆறு அவர்களுக்குப் புதிது. அவ்வளவுதான்.

ஆகவே புது இடத்தில் தண்ணீரைப் பார்த்ததும் இறங்காதீர்கள். உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். அணைக்குக் கீழே ஆற்றுக்குள் நிற்காதீர்கள். மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் ஆழத்துக்குப் பக்கத்திலேயே ஆளை மூழ்கடிக்கும் குழி இருக்கும். கல் உடைத்த குழியில் தேங்கிய தண்ணீர் அமைதியாகத் தெரியும். கரை செங்குத்தாக இருக்கும். இறங்கியவர் ஏற முடியாது. "ஆபத்து, குளிக்காதீர்" என்ற பலகை எங்கே இருந்தாலும் அங்கே யாரோ ஒருவர் இறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மூழ்குகிறவர் கத்துவார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே வராது. ஆகையால், தண்ணீர் ஓரத்தில் ஒரு பெரியவர் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையை மட்டும் செய்ய வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது. பேச்சில் மூழ்கக் கூடாது. ஒருவர் களைத்தால் இன்னொருவர் மாற வேண்டும்.

ஒருவர் மூழ்கினால் உடனே நீங்களும் குதிக்காதீர்கள். காப்பாற்றக் குதித்த அண்ணனும் அப்பாவும் சேர்ந்து இறந்த செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. கயிறு வீசுங்கள். புடவையை முறுக்கி வீசுங்கள். மூங்கில் கழியை நீட்டுங்கள். மூடிய காலி பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிப் போடுங்கள். அது மிதக்கும். அதைப் பிடித்துக்கொள்வார். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அமுக்கி, மூச்சு கொடுக்க வேண்டும். இதை ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரிடம் முன்பே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்லது, பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது. ஆண் பிள்ளைக்கு மட்டும் அல்ல, பெண் பிள்ளைக்கும்தான். தெரிந்த பெரியவர் கூடவே நின்று, ஆழம் தெரிந்த இடத்தில் சொல்லித்தர வேண்டும்.

கிளம்பும் முன்

ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். அதில் அப்பா அம்மாவின் போன் எண்ணை உங்கள் கையாலேயே எழுதுங்கள். கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் அந்தச் சீட்டுதான் உதவும். தொலைந்த பிள்ளைகளுக்கு உதவ 1098 என்ற எண் இருக்கிறது. ரயிலில் உதவிக்கு 139. எந்த அவசரத்துக்கும் 112. இவற்றையும் எழுதி வையுங்கள்.

கிளம்பும்போது தலைகளை எண்ணுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எண்ணுங்கள். திரும்பும்போதும் எண்ணுங்கள். எத்தனை பேர் போனீர்களோ அத்தனை பேரும் வீட்டுக்கு வர வேண்டும். உலா நல்லபடியாக முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நோட்டை எடுங்கள். எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள், எவ்வளவு செலவானது என்று ஐந்து வரி எழுதுங்கள். பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அந்த நோட்டே உங்களுக்கு வழி சொல்லும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டலாம்.

இந்தக் கோடை எல்லோருக்கும் நல்லதாக அமையட்டும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய இடங்கள் எவை?
2. அங்கே போக நான்கு பேருக்கு எவ்வளவு செலவாகும்? கணக்கு எழுதுங்கள்.
3. உங்கள் ஊரில் ஆபத்தான கிணறு, குழி, ஏரி எது? அங்கே பலகை இருக்கிறதா? இல்லை என்றால் கிராம சபையில் யார் கேட்பது?
4. உங்கள் குடும்பத்தில் இதுவரை எங்கும் போகாதவர் யார்? இந்த ஆண்டு அவரை எங்கே அழைத்துப் போவீர்கள்?